மகள் போட்ட வட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்ட கையோடு, எட்வர்ட் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார். கூடவே ஒரு கேரி பேக்கில் பிளக் பாயிண்டுகள், வயர், ஸ்க்ரூ. அவருடைய மகள் கிறிஸ்டினா பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த கொஞ்சம் மாட்டிக் குடு கிறிஸ்டி. கண்ணு செரியா தெரில. சேப்பு வயரும் கறுப்பு வயரும் ஒண்ணாவே கீது."

"எதுக்குப்பா இத்தன பாயிண்ட்? நம்ம ஊட்ல மொத்தமே மூணு போனு."

"ஊட்டுக்கு இல்ல. சுமலதா கடைக்கு."

சுமலதா கவரைப்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பக்கத்தில் லாரிகள் ஒதுங்கி நிற்க இடம் உண்டு. வேப்பமர நிழல் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. லாரி ஓட்டுவதை விட்ட பிறகும் எட்வர்ட் தினமும் காலையில் டிவிஎஸ் எக்ஸலை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். பழைய கூட்டாளிகளோடு கதை பேசிவிட்டு வருகிறார் என்றுதான் கிறிஸ்டினா நினைத்திருந்தாள்.

லேப்டாப்பை மூடிவிட்டு வயரைச் சீவினாள். எட்வர்ட் எதிரில் குந்தி உட்கார்ந்து, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இரண்டை வாயில் கவ்வியிருந்தார்.

"வாயிலேர்ந்து எடுப்பா. முழுங்கிடப் போற."

"முப்பது வருசமா நட்டு போல்ட்டு கவ்வின வாயி. முழுங்கிடுமா?"

வேலை முடிந்ததும் பலகையைச் சுவர் பிளக்கில் செருகினார்கள். எட்வர்ட் தன் போனை முதல் பாயிண்டில் போட்டுப் பார்த்தார். எடுத்து இரண்டாவதில் போட்டார். அப்படியே கடைசி வரைக்கும். "எல்லாத்துலயும் ஏறுது" என்றார். பலகையைத் துண்டால் துடைத்து வாசல் பக்கம் சாய்த்து வைத்தார். கிறிஸ்டினா மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள்.

அதுதான் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. வியாழக்கிழமை காலையில் எட்வர்ட் இறந்துபோனார்.

எட்வர்டின் அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர்கள் நட்ட நிலத்தில்தான் பிற்பாடு ஆலைகள் வந்தன. எட்வர்ட் பத்தாவதில் தவறி, லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராக ஆனார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து இரும்புக்கம்பி ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போவார். துறைமுகத்திலிருந்து பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு திரும்புவார். வீட்டில் அவர் இருக்கும் நாளைவிட அவருடைய துவைத்த சட்டைகள் கொடியில் இருக்கும் நாள் அதிகம்.

அந்தக் காலத்தில் ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். காவலாளி வந்து பம்பரில் சாக்பீஸால் எண் எழுதிவிட்டுப் போவார். அந்த எண்தான் முறை. மழை வந்தால் எண் அழிந்துவிடும், அப்புறம் சண்டைதான். வரிசை சில சமயம் இரண்டு நாள் நகராது. லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள், கழுவுவார்கள், தூங்குவார்கள். ஊர்க்காரர்கள் வந்து திட்டுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லாரிகளுக்கு இடையில் புகுந்து போகும். அப்படிப் போன பிள்ளைகளில் கிறிஸ்டினாவும் ஒருத்தி. தன் அப்பாவின் லாரி தெரிந்தால் படியில் ஏறி, டிபன் பாக்ஸில் மிச்சம் இருப்பதைக் கொடுத்துவிட்டு இறங்குவாள்.

அவள் படித்து முடித்தாள். அதே சிப்காட்டில், ஆலைகளுக்கு லாரி வரவு போக்கை ஒழுங்குபண்ணிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலை இதுதான்: வரிசை சாலையில் நிற்கக் கூடாது, போனில் நிற்க வேண்டும். ஆலையைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். ஓட்டுநரின் போன் அந்த வட்டத்துக்குள் நுழைந்ததும் செயலி தானாக அவருக்கு டோக்கன் கொடுத்துவிடும். முறை வந்ததும் போனில் ஒரு குரல் அழைக்கும். எந்தக் கேட், எத்தனை மணிக்கு என்று சொல்லும். கேட்டில் போனுக்கு வரும் எண்ணைக் காட்டினால் கதவு திறக்கும். சாக்பீஸ் இல்லை, சண்டை இல்லை. எந்தச் சரக்கு எங்கே நிற்கிறது, எப்போது ஏறும் என்பது சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும், சரக்குக்குக் காத்திருக்கும் ஓசூர்க்காரருக்கும் தெரியும்.

கிறிஸ்டினா வேலைக்குச் சேர்ந்து முதலில் செய்த காரியம் அந்த வட்டம். மேனேஜர் சாம்சன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல மவுஸால் இழுத்தாள். ஒரு மாதத்தில் ஆலை வாசலில் சாலை காலியாகிவிட்டது. எட்வர்ட் அன்று லாரியோடு அந்த வழியாக வந்தவர், வண்டியை நிறுத்தி இறங்கி, வெறும் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறினாராம். வீட்டுக்கு வந்து மனைவி கிரேஸிடம் சொன்னார்: "ஒம் பொண்ணு ரோட்டயே கழுவி வுட்டுட்டா."

செயலியில் ஓட்டுநர்களுக்கு மதிப்பெண் உண்டு. நேரத்துக்கு வந்தால், சரக்கு சேதமில்லாமல் சேர்த்தால், நட்சத்திரம். எட்வர்டுக்கு ஐந்தும் இருந்தன. சபையில் பக்கத்தில் உட்காருபவர்களுக்கெல்லாம் போனைத் திறந்து காட்டுவார். பாட்டு நடுவில் காட்டி, கிரேஸிடம் இடுப்பில் இடி வாங்கியதும் உண்டு.

இரண்டு வருடம் முன்பு லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சர்க்கரை கண்ணைத் தின்றிருந்தது. எட்வர்ட் லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வந்தார். செயலியில் அவருடைய ஐடி சாம்பல் நிறமானது. நட்சத்திரங்கள் மட்டும் அப்படியே இருந்தன. பத்து நாள் வீட்டில் இருந்தார். பதினோராவது நாள் எக்ஸலைக் கிளப்பிக்கொண்டு சுமலதா கடைக்குப் போனார். அப்புறம் தினமும் போனார்.

அலுவலகத்தில் கிறிஸ்டினாவின் திரையில், வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு லாரியும் ஒரு நீலப் புள்ளி. ஒரு வருடமாக அதில் ஒரு கோளாறு இருந்தது. எட்டு ஒன்பது புள்ளிகள் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். ஏரிக்கரையை ஒட்டிய சிமெண்ட் குழாய்கள் கிடக்கும் இடம் அது. லாரி போக அங்கே பாதையே கிடையாது. சில நேரம் ஒன்பதும் சேர்ந்து மெதுவாக நகரும். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று கேட்டுக்குப் போகும். செயற்கைக்கோள் பிழை என்று முதலில் குறித்தாள். அப்புறம் சாம்சன் அதற்குப் பேய் வண்டி என்று பெயர் வைத்தார்.

"உன் பேய்ங்க வந்தாச்சா?" என்பார் காலையில்.

"வந்துடுச்சு சார். ஒம்பதரைக்கு டாண்ணு வந்துடுது."

"பேயா இருந்தாலும் பங்ச்சுவல்."

விஷயம் பேய் இல்லை என்று இருவருக்கும் தெரியும். யாரோ போன்களை மட்டும் உள்ளே கொண்டுவருகிறார்கள், லாரிகள் வேறெங்கோ நிற்கின்றன. இப்போது எல்லா லாரிகளிலும் இருப்பிடம் காட்டும் கருவி வந்துவிட்டது. லாரியும் போனும் வேறு வேறு இடத்தில் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். அந்த விதியை எழுதும் வேலை கிறிஸ்டினாவுடையது. வரும் திங்கட்கிழமை முதல் நடைமுறை. பிடிபடும் ஓட்டுநரின் ஐடி நிரந்தரமாகத் தடைசெய்யப்படும். சிப்காட்டில் பாதிக்கு மேற்பட்ட ஆலைகள் ஒரே செயலிதான். ஐடி போனால் லாரி ஓட்டுவதில் அர்த்தமில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது புள்ளிகளும் வழக்கமான இடத்துக்கு வந்தன. டோக்கன் போனது. முதல் லாரிக்கு அழைப்புப் போனது. புள்ளி கழலவில்லை. இரண்டாவது லாரிக்கு அழைப்புப் போனது. அதுவும் கழலவில்லை. கேட்டில் இருந்தவர்கள் போன் செய்து லாரி எங்கே என்றார்கள். கிறிஸ்டினா திரையைப் பார்த்தாள். ஒன்பதும் அசையாமல் நின்றன. சாம்சன் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா, பேயெல்லாம் தூங்குதா இன்னிக்கு?"

"அப்படித்தான் தெரியுது சார்."

அவள் சிரித்தாள். நேரம் குறித்து, "நகரவில்லை" என்று எழுதினாள். டீ வந்தது, குடித்தாள்.

அவளுடைய போனில் "அப்பா" என்று வந்தது. எடுத்தால் வேறு குரல்.

"தங்கச்சி, நான் அன்புராஜ். லாரி டிரைவர். நைனாவுக்கு ஒடம்பு செரியில்ல. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வாம்மா. ஊட்லயும் சொல்லிடு."

நைனா என்று அவன் சொன்னது அவள் அப்பாவை. ஆந்திரா பக்கம் ஓட்டும் டிரைவர்கள் அப்பாவை அப்படித்தான் சொல்வார்கள். எட்வர்டை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எட்வர்டை ஏற்கெனவே துணியால் மூடியிருந்தார்கள். அன்புராஜ் வெளியில் சுவரோரம் நின்றிருந்தான். நாற்பது வயது இருக்கும். லுங்கி முட்டி வரை சேறு.

"ஒக்காந்தாப்லயே கீறாரும்மா. கொழாய் மேல சாஞ்சிக்கினு. தூங்குறாருன்னு நெனச்சேன். கிட்டப் போயி நைனா நைனான்றேன், ஒண்ணும் இல்ல. எங்கிட்ட ஒன் நம்பரு இல்ல. அவுரு போனு லாக்கு. அவுரு கட்டவெரல புட்ச்சி வெச்சுத்தான் தொறந்தேன். மன்னிச்சுக்கோ."

"பரவால்லண்ணா."

"வெரலு சூடாத்தான் இருந்துச்சு. அதான் தூக்கினு ஓடியாந்தேன்."

நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தாள். பர்ஸ், கண்ணாடி, எக்ஸல் சாவி, செருப்பு. அதோடு தோளில் மாட்டும் ஒரு துணிப்பை. கனமாக இருந்தது. பை அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கிறிஸ்டினா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டாள்.

பையைத் திறந்து பார்த்தது வீட்டில்தான். எட்வர்டைக் கூடத்தில் கிடத்தி, வெளியில் பந்தல் போட்டு, நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளறையில் கட்டில் மேல் வைத்திருந்த பைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பேசியது. "வணக்கம். உங்கள் வாகனத்தின் முறை தவறிவிட்டது. தயவுசெய்து மீண்டும் டோக்கன் பெறவும்." அது அவள் செயலியின் குரல். அந்த வாக்கியத்தை எழுதியவள் அவள்தான். "தயவுசெய்து" வேண்டுமா வேண்டாமா என்று சாம்சனோடு அரைமணி நேரம் வாதம் செய்திருக்கிறாள்.

பைக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் தைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு போன். முதுகில் பிளாஸ்டர் ஒட்டி, எட்வர்டின் கோணல் எழுத்தில் ஓட்டுநர் பெயர். தையல் அவளுக்குத் தெரிந்த தையல். அவள் பள்ளிக்கூடப் பையில் கிழிந்த இடத்திலெல்லாம் இருந்த தையல்.

கிரேஸ் வந்து கதவோரம் நின்றாள். அழுது குரல் போயிருந்தது.

"நீயா தச்ச?"

"ஆமா."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. ஒங் கம்பெனி வேல, தெரிஞ்சா நீ ரெண்டு பக்கமும் மாட்டிக்கினு பேஜாராய்டுவன்னாரு." கிரேஸ் மூக்கைச் சிந்தினாள். "அந்த வட்டத்துக்குள்ள லாரி நிறுத்த எடமே இல்லியாமே. ரெண்டு பக்கமும் மதிலும் பள்ளமுமா கீதாம். நின்னா போலீசு பூட்டுப் போட்டுடறான். வெளில சுமலதா கடைல நெழலு கீது, தண்ணி கீது. அதான் வண்டிய அங்க வுட்டுட்டு, போன மட்டும் இவுரு எடுத்தும் போய் உள்ள ஒக்காந்துக்குவாரு. கூப்புட்டா தன் போன்லேர்ந்து சுமலதாவுக்கு அடிச்சு, இன்னார் வண்டிய எடுக்கச் சொல்லுன்னுவாரு. வண்டி வர்றப்ப ரோட்டு நடுத்திட்டுல நின்னு கைல குடுத்துடுவாரு."

கிறிஸ்டினா போனை அதன் அறையில் திருப்பி வைத்தாள்.

"வெளில ஒக்காந்துனுகீறாங்களே, அந்த டிரைவருங்க," என்றாள் கிரேஸ். "மத்தியானத்துலேர்ந்து ஒக்காந்துனு கீறாங்க. அவங்க போனுதான் அது. எழவு ஊட்ல எதையும் கேட்டு வாங்கக் கூடாதுன்னு வாயத் தொறக்காம கீறாங்க. முதலாளிங்க அடிச்சுனே இருப்பானுங்க. எடுத்தும்போய்க் குடு."

பந்தலின் கடைசி வரிசையில் எட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்டினா பையோடு போய் நின்றதும் எட்டுப் பேரும் எழுந்தார்கள். பெயரைப் படித்துப் படித்து நீட்டினாள். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் வாங்கி, திரையைப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு போன் உடனே அடித்தது. அதன் சொந்தக்காரர் அதை அணைத்துவிட்டார்.

"தெரியுமா தங்கச்சி," என்றான் அன்புராஜ். சொல்லலாமா என்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டான். "காலைல பைய மாட்டிக்கினு கெளம்புவாரு பாரு, நாங்க எல்லாம் கேப்போம், இன்னா நைனா, பொண்ணு ஊட்டுக்கான்னு. ஆமாடா, எம் பொண்ணு வட்டத்துலதான் போய் ஒக்காரப் போறேன், ஒனக்கு இன்னான்னுவாரு. நாங்க யாராச்சும் போன்ல கீற அந்த ஆப்ப திட்னா வுட மாட்டாரு. யார்றா திட்றது, எம் பொண்ணு போட்ட வட்டம்டா அது, மரியாதயா பேசுன்னு சண்டைக்கி வருவாரு."

பின்னால் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பையில் ஒரு போன் மிச்சம் இருந்தது. பிளாஸ்டரில் அப்ரார் என்று இருந்தது.

"இவர் யாருண்ணா?"

"பழவேற்காட்டுப் பையன். போன் இல்லாம டோக்கன் போச்சா, முதலாளி வேற ஆள வுட்டு லாரிய எடுத்துனு போய்ட்டான். ஊட்டுக்குப் பஸ் ஏறிட்டான். வருவான். நீயே வெச்சிரு. நைனா கையால குடுக்க வேண்டியது, ஒங் கையால குடு."

மறுநாள் மதியம் எட்வர்டை அடக்கம் செய்தார்கள். லாரிகள் சுமலதா கடை நிழலில் நின்றன. எட்டு பேரும் வந்து மண் போட்டார்கள்.

சனிக்கிழமை சாம்சனிடமிருந்து செய்தி வந்தது. இந்த நேரத்தில் கேட்பதற்கு மன்னிக்கவும் என்று ஆரம்பித்திருந்தார். திங்கள் காலை புதிய விதி நடைமுறைக்கு வருகிறது. பேய் வண்டி விஷயத்தைத் தலைமை அலுவலகம் கேட்கிறது. அந்த ஒன்பது பேரின் ஐடி வேண்டும், அது மட்டும் போதும், எந்தப் பதிவில் இருக்கிறது என்று சொன்னால் அவரே எடுத்துக்கொள்வார்.

கிறிஸ்டினா, "நானே வருகிறேன் சார்" என்று பதில் அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை நேராக அலுவலகம் போகவில்லை. பஸ்ஸில் சுமலதா கடை வாசலில் இறங்கினாள். வேப்பமரத்தடியில் லாரிகள் நின்றன. கடைச் சுவரில் அந்த மரப்பலகை ஆணியடித்து மாட்டியிருந்தது. எல்லாப் பாயிண்டிலும் போன்கள் செருகியிருந்தன. சுமலதா அவளை அடையாளம் தெரிந்து, டீயை ஆற்றி நீட்டினாள். கிறிஸ்டினா தன் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். தான் போட்ட கோடு எங்கே போகிறது என்று தேடினாள். கடையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், சாலை வளைவதற்கு முன்னால் போனது. குடித்த கிளாஸை வைத்துவிட்டு நடந்து போய்ப் பார்த்தாள். கோடு போன இடத்தில் ஒரு கிலோமீட்டர் கல்லும் கொஞ்சம் நெருஞ்சியும் இருந்தன.

அலுவலகத்தில் கணினியைத் திறந்து, வட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கடை உள்ளே வரும் வரை இழுத்தாள். மரம், குழாய், லாரி நிற்கும் இடம் எல்லாம் உள்ளே வந்தன. சேமித்தாள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. லாரிகளும் போன்களும் இனி ஒரே இடத்தில் இருக்கும். போனைச் சுமக்க ஆள் வேண்டாம்.

சாம்சன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாமேம்மா."

"நாம யாரும் அங்க போய் நின்னு பாக்கல சார்."

"சரி. இனிமேப்பட்டதுக்கு இது சரி. பழசுக்கு? ஒன்பது வண்டி ஒரு வருஷமா ஒரே இடத்துல. யாராவது நமக்குத் தெரியாம செஞ்சிருக்காங்க இல்ல? ஹெட் ஆபீஸ் விடாது."

"ஒன்பது போனும் ஒரே ஆள் கையில இருந்தது சார்."

"யாரு?"

"எங்கப்பா."

சாம்சன் தன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்திருந்தார். தான் வியாழக்கிழமை சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"விட்டுடும்மா," என்றார் கடைசியில். "கண்டுபிடிக்க முடியலன்னு எழுதிடறேன்."

"அப்ப வேற யாரையாவது அனுப்பித் தேடுவாங்க சார். போன் நம்பர் எல்லாம் பதிவுல இருக்கு. ஒரே நாள்ல ஒன்பது பேரையும் எடுத்துடுவாங்க."

"அப்ப என்ன பண்ணலாம்ன்ற?"

அவள் ஓட்டுநர் பக்கத்தைத் திறந்து பெயரைத் தட்டினாள். எட்வர்ட். படத்தில் அப்பா முறைத்துக்கொண்டிருந்தார். போட்டோ என்றால் எப்போதும் முறைப்பார். சாம்பல் நிற ஐடி. கீழே ஐந்து நட்சத்திரம். முப்பது வருட ஓட்டத்தில் ஒரு புகார் இல்லை, ஒரு சேதம் இல்லை. செயலி வருவதற்கு முந்தைய காலத்தையும் யாரோ கேட்டு ஏற்றியிருந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: மற்ற ஓட்டுநர்களின் போன்களை வட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்தவர். வட்டத்துக்குள் லாரி நிறுத்த இடம் இல்லாததே காரணம். வட்டம் திருத்தப்பட்டது.

எழுதியதில் பொய் எதுவும் இல்லை. படித்துப் பார்த்தாள்.

"கிறிஸ்டினா, அவர் பேர்ல இது நிரந்தரமா நிக்கும்."

"தெரியும் சார்."

பொத்தானை அழுத்தினாள். திரை கேட்டது: இந்த ஓட்டுநரை நிரந்தரமாகத் தடைசெய்ய விரும்புகிறீர்களா? ஆம் என்பதை அழுத்தினாள். நட்சத்திரங்கள் போய், அந்த இடத்தில் சிவப்புக் கோடு வந்தது. சாம்சன் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது. விஷயம் முடிந்தது என்று ஒரே வரி.

வீட்டில் கிரேஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"இன்னா ஆச்சு அந்தப் புள்ளைங்களுக்கு?"

"ஒண்ணும் ஆவல. ஓட்டலாம்."

"யாரு மேல போட்டீங்க?"

கிறிஸ்டினா சொன்னாள். கிரேஸ் தண்ணீரை வடித்தாள். இன்னொரு தண்ணீர் ஊற்றினாள். அதையும் வடித்தாள்.

"போவுது போ. அவுரு இன்னா, இனிமே லாரியா ஓட்டப் போறாரு," என்றாள். அரிசியை உலையில் போட்டுக்கொண்டே, "சபைல யாருகிட்டயும் சொல்லாத. அஞ்சு ஸ்டாருன்னு எல்லாருக்கும் காட்டி வெச்சினு கீறாரு" என்றாள்.

புதன்கிழமை காலை அன்புராஜ் போன் செய்தான். அப்ராருக்கு வேறு ஒரு முதலாளியிடம் லாரி கிடைத்திருக்கிறது. சிப்காட்டில் இந்தச் செயலி இல்லாத ஓர் ஆலையிலிருந்து லோடோடு வருகிறான், கடை வழியாகத்தான் போவான். அங்கே நிறுத்த மாட்டான். துறைமுகத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

கிறிஸ்டினா எக்ஸலை எடுத்தாள். அப்பாவின் துணிப்பைக்குள் அப்ராரின் போன் மட்டும் இருந்தது. முந்தின ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டிருந்தாள். கடைக்குப் போனபோது டிரைவர்கள் அவரவர் லாரியில், அவரவர் போனோடு இருந்தார்கள். ஒருவருடைய போனில் அழைப்பு வந்தது. அவர் லாரியைக் கிளப்பிக்கொண்டு கேட்டுக்குப் போனார். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சுமலதா கடையில் எட்வர்ட் உட்காரும் ஸ்டூலில் தண்ணீர்க் குடம் வைத்திருந்தாள்.

"நைனா எங்க நிப்பாரு?" என்று அன்புராஜைக் கேட்டாள்.

"வா, காட்றேன்."

சாலை நடுத்திட்டை ஒட்டி, டிரைவர் கை எட்டும் பக்கம், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, தார் கொஞ்சம் உடைந்திருந்த இடத்தில் அவளை நிறுத்தினான்.

"லாரி ஸ்லோ பண்ணுவான். நிக்காது. நீ அவன் மூஞ்சப் பாக்காத, கையப் பாரு. அவன் கைய வெளில போடுவான். நீ போன நட்டுக்குத்தலா புட்ச்சிக்கோ, படுக்க வெச்சா வழுக்கிடும். நைனா எக்கி நிப்பாரு. நீ அவுர வுட ஒயரம்தான், பரவால்ல."

"கீழ வுழுந்துட்டா?"

"நைனா ஒண்ணக்கூட வுட்டதில்ல" என்றான் அன்புராஜ். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல நகர்ந்து நின்றான்.

ஒரு பஸ் போனது. இரண்டு கார்கள். பின்னால் தூரத்தில் ஒரு டிரெய்லர் தெரிந்தது. அன்புராஜ் நெற்றி மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அதான், அவன்தான்" என்றான்.

கிறிஸ்டினா பையிலிருந்து போனை எடுத்தாள். முதுகிலிருந்த பிளாஸ்டரை உரித்துவிடலாமா என்று யோசித்தாள். விட்டுவிட்டாள். லாரி வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. அவள் போனை நட்டுக்குத்தலாகப் பிடித்து, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.